கார்புரேட்டரில் கைவைக்கும் முன்

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் சுகம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு நம் பழைய கார் ஞாபகமாகவே இருக்கிறது. "சோக்கை இழுத்தா ஓடுது அப்பச்சி, உள்ளே தள்ளினதும் அணைஞ்சிடுது" என்றாய். கோயம்புத்தூரில் நீ காட்டிய மெக்கானிக் கடையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டச் சொன்னார்கள் என்றும் சொன்னாய். அவசரப்பட்டு மாட்டிவிடாதே, ஆத்தா. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று படி.

நீ சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. சோக் என்பது காற்றை மறித்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது. அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால், மற்ற நேரத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை, இல்லையென்றால் வேண்டாத காற்று எங்கிருந்தோ புகுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தால் நிற்காமல் ஓடுகிறது என்றும் சொன்னாய். அப்படியானால் பெட்ரோல் பம்பும் மெயின் ஜெட்டும் அநேகமாக நன்றாகத்தான் இருக்கின்றன. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடுகிற, நடுவில் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி, ஓட மட்டும் பெட்ரோலுக்குத் தனி வழி உண்டு. அந்த வழியில் இருப்பது ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நீங்கள் இரண்டு மாதம் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தீர்கள் அல்லவா, கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, அதிலிருந்த பிசின் மட்டும் அடியில் தங்கியிருக்கும். இருப்பதிலேயே சின்னத் துளையைத்தான் அது முதலில் அடைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கழற்றினால் உனக்குப் பயமிருக்காது. நம் வீட்டில் வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற குறுகலான நடை ஞாபகம் இருக்கிறதா? சித்திரை மத்தியானத்தில் முகப்பில் இலை அசையாது, அந்த நடையில் மட்டும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பாதி திறந்த கதவு யாரும் தொடாமலே படாரென்று சாத்திக்கொள்ளும். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது, வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது, அதுதான் கதவை இழுக்கிறது. கார்புரேட்டரின் தொண்டையும் அந்த நடை மாதிரிதான். அங்கே கதவுக்குப் பதில் பெட்ரோல் இழுபடுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற பந்து வால்வு மாதிரி. மிச்சமெல்லாம் துளைகளும் ஸ்பிரிங்குகளும்தான்.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், காசே ஆகாத ஒரு சோதனை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு எடு, ஆளை விட்டுக் கார்புரேட்டர் பக்கம் காது கொடுக்கச் சொல். 'டிக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். அது சாலினாய்டு. சாவி போட்டதும் ஐடிலிங் வழியைத் திறந்துவிடுவதும், சாவியை எடுத்ததும் மூடுவதும் அதன் வேலை. அதற்குப் போகும் ஒற்றை வயர் கழன்று தொங்கினாலும் நீ சொன்ன இதே கோளாறு அப்படியே வரும். வயரைச் செருகியதோடு வேலை முடிந்த நாள் எனக்கே உண்டு.

சத்தம் வந்தால், அடுத்து ரப்பர் குழாய்களைப் பார். 1996-ஆம் வருஷத்து வண்டி. வேக்குவம் குழாய்கள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பது போலத்தான் தெரியும், முனையை வளைத்தால்தான் வெடிப்பு கண்ணில் படும். ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பார். பிறகு வண்டியை ஓடவிட்டு, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் கார்புரேட்டரின் அடிப்பக்க பேக்கிங்கைச் சுற்றிக் கொஞ்சம் தெளி. எஞ்சின் சத்தம் சட்டென்று மாறினால் அங்கேதான் காற்று புகுகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது. இதற்குக் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, சூடான எஞ்சின் மேல் அது தீப்பிடிக்கும், நீ அதைச் செய்யாதே.

மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வை. பிஸ்கட் நிறம் என்றால் கவலையில்லை. வெள்ளையாக வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் ஃபில்டரையும் பார்த்துவிடு. இத்தனையும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரில் கைவைக்க வேண்டும். பாவம், எஞ்சின் எதற்கு முரண்டு பிடித்தாலும் எல்லாரும் அதைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள்.

கழற்றுவதற்கு வெளியே நிழலில் இடம் பார்த்துக்கொள். அடுப்படிப் பக்கமோ சாமி விளக்குக்குப் பக்கமோ கூடவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுத்துவிடு. எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று செல்போனில் நாலு பக்கமும் படம் எடு. என் காலத்தில் நூலில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைப்போம், உனக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆத்தா ஒதுக்கிப்போட்ட பழைய குழிப்பணியாரச் சட்டி ஒன்றை இந்த வேலைக்கென்றே நான் வைத்திருக்கிறேன். ஏழு குழி. கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜெட், அதன் வாஷர், அதன் ஸ்க்ரூ. திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். நீயும் அப்படி ஒன்று வைத்துக்கொள்.

மேல்மூடியைத் தூக்கியதும் கிண்ணத்தின் அடியை நன்றாகப் பார். நெய் காய்ச்சிய சட்டியின் அடி மாதிரி பழுப்பாக ஒட்டியிருப்பது பிசின். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி இருந்தால் தண்ணீர் புகுந்து உலோகம் அரித்திருக்கிறது என்று அர்த்தம். நம் காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய செக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், இந்த அரிமானத்தை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அத்தனை பெரிய விஷயம் இது. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டு. உள்ளே களக் களக்கென்றால் ஓட்டை, மாற்றியாக வேண்டும். மிதவையோடு ஏறிப் பெட்ரோல் வழியை மூடுகிற ஊசியின் கூர்முனையில் நகத்தை ஓட்டிப் பார், வளையம் மாதிரி பள்ளம் தட்டுப்பட்டால் அதையும் மாற்று.

ரப்பர், பேக்கிங் எல்லாவற்றையும் தனியே எடுத்த பிறகுதான், கழற்றிய பாகங்களில் கிளீனர் ஸ்பிரே. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள், ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையிலிருந்து முகத்துக்கு நேரே பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சினால் வழி திறந்திருக்கிறது என்று சந்தோஷப்படு. பத்து நிமிஷம் ஊறவிட்டு, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்து வா. ஐடிலிங்கின் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வை. உட்கார்ந்த பிறகு பலமாகத் திருகினால் முனை நசுங்கும், அப்புறம் எந்த ஜென்மத்திலும் ஐடிலிங் சீராக நிலைக்காது.

இனி முக்கியமானது. ஜெட்டுக்குள் கம்பி விடாதே. ஊசி, சேஃப்டி பின், எதுவும் கூடாது.

நீ ஆறாவது படிக்கும்போது ஒருமுறை நாம் மதுரைக்குப் போகும் வழியில் வண்டி இழுக்காமல் திணறியது, உனக்கு ஞாபகம் இருக்கலாம். திரும்பி வந்து நானே கழற்றினேன். மெயின் ஜெட்டில் அடைப்பு. அவசரத்தில் சைக்கிள் பிரேக் கேபிளிலிருந்து ஓர் இழையை உருவி உள்ளே விட்டுக் குடைந்தேன். அடைப்பு போய்விட்டது, வண்டியும் ஓடியது. ஆனால் அன்றிலிருந்து லிட்டருக்குப் பதினேழு கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கியது, பிளக் எல்லாம் கரி. இரண்டு மாதம் எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். கடைசியில் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக், ஜெட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நீள்வட்டமாக இருந்தது. பித்தளை மெத்தென்றது, கம்பி எஃகு. "துளையை நீங்க பெரிசாக்கிட்டீங்கண்ணே" என்றார், அவ்வளவுதான். அவர் இப்போது இல்லை. நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடமிருந்துதான்.

அடைப்பு ஸ்பிரேயிலும் காற்றிலும் போகவில்லையென்றால் தூண்டில் போடுகிற மெல்லிய நைலான் நரம்பை விட்டுப் பார். அதிலும் போகாவிட்டால் புது ஜெட் வாங்கு, அதே நம்பரில். கார்புரேட்டர் முழுவதற்கும் ஆகிற செலவில் சொற்பம்தான் ஆகும்.

இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் இருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நம் வண்டியின் ஜெட்டுக்கு அது தெரியாது, ஆகவே கலவை கொஞ்சம் மெலிந்துதான் போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றிவிடு, இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டு. ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை அரைகுறையாக விடாதே.

மாட்டி முடித்த பிறகு பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்துவிட்டே சாவியைப் போடு. எஞ்சின் சூடானதும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் சீராக ஏறி நிற்கிற இடத்தில் விடு. பிறகு ஐடிலிங்கை நிமிஷத்துக்கு 900 சுற்று வாக்கில் வைத்து, புகை டெஸ்ட்டுக்கு ஒரு தடவை காட்டிவிடு. தாமதமானாலும் பரவாயில்லை, ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்று இல்லை. எங்காவது நின்றுபோனால் படம் எடுத்து அனுப்பு, ராத்திரி எந்நேரமானாலும் பார்க்கிறேன்.

ஆத்தா சீப்புச் சீடையும் அதிரசமும் கட்டி வைத்திருக்கிறாள், இதோடு வருகிறது. பேரனுக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிடாதே என்று சொல்லச் சொன்னாள். டப்பாவின் மூடிக்குள் காகிதத்தில் மடித்து, நான் குடைந்து கெடுத்த அந்த மெயின் ஜெட்டை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் மேஜை டிராயரில் கிடந்தது. உன் ஜெட்டைக் கழற்றியதும் இரண்டையும் வெயிலுக்கு நேரே அடுத்தடுத்துப் பிடித்துப் பார்.

அன்புடன்,
அப்பச்சி