ஆண்டறிக்கை 2024–25: கோடியக்கரைக்குப் போய் வந்த ஆண்டு

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை என்றால் கூட்டம், வசூல், நன்றி என்று வரிசையாகப் போகும். அதெல்லாம் இதிலும் உண்டு, சுருக்கமாக. ஆனால் இந்த ஆண்டு நம் சங்கம் செய்ததிலேயே பெரிய காரியம் வேதாரண்யம் பக்கத்திலுள்ள கோடியக்கரைக்குப் போய் வந்த பயணம்தான். வர முடியாமல் போனவர்கள் பலர் "மலை இல்லை, அருவி இல்லை, அங்கே போய் அப்படி என்னதான் பார்த்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் வழக்கமானவை. பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் வரை ஞாயிறு காலை நடை தொடர்ந்து நடந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மட்டும் நிறுத்தினோம். 2025 ஜனவரி நமக்கெல்லாம் கஷ்டமான மாதம். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின, நாம் நடக்கும் பாதையிலும் கிடந்தன. ஆமை கடலில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவை வலைக்குள் மாட்டிக்கொண்டால் மூழ்கித்தான் சாகும். வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்கும் கருவியைக் கட்டாயமாக்கிக் கண்காணிக்க வேண்டும் என்று மனு எழுதி உறுப்பினர்கள் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் தெரிவிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, கோடியக்கரை.

பொங்கல் கழிந்து கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி வரை ரயில், அப்புறம் வேதாரண்யம் வழியாகச் சாலை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் பாதையை அகலமாக்கி 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் விட்டிருக்கிறார்கள், நேரம் ஒத்துவந்தால் அடுத்த முறை அதிலேயே போகலாம். மீட்டர் கேஜ் காலத்தில் அந்தத் தடம் கோடியக்கரை வரைக்குமே இருந்தது.

வரைபடத்தைப் பார்த்தாலே அந்த இடத்தின் விசேஷம் தெரியும். சென்னையிலிருந்து கிழக்கு பார்த்தபடி தெற்கே இறங்கி வரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. முனைக்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. கிழக்குப் பக்கம் அலை உண்டு, மணல் உண்டு. தெற்குப் பக்கம் கடல் ஆழமில்லாதது, அமைதியானது, அதனால் அங்கே சேறு படிகிறது. வடகிழக்குப் பருவகாலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு வந்து முனையில் சேர்க்கும், இப்படிச் சில ஆயிரம் ஆண்டுகளாக வரிசை வரிசையாக மணல்மேடு போட்டுப் போட்டு வளர்ந்த நிலம் அது. வேதாரண்யத்தைச் சுற்றி ஊர்களும் மாந்தோப்புகளும் முல்லைத் தோட்டங்களும் இருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய மேடுகளின் மேல்தான். மேடுகளுக்கு நடுவில் பள்ளம், அதில் தண்ணீர்.

நான் இந்த அறிக்கையில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: அங்கே உயரம் என்பதை மீட்டரில் அளக்கக் கூடாது, சாணில் அளக்க வேண்டும். ஒரு முழம் உயர்ந்தால் காடு, கொஞ்சம் தாழ்ந்தால் புல்வெளி, இன்னும் ஒரு சாண் இறங்கினால் சதுப்பு. அந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் என்று எல்லாரும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது ராமர் பாதம், அதுவே சில மீட்டர் உயரமுள்ள மணல்மேடுதான். அதில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தபோது எங்களுக்கு நிலம் முழுதும் புரிந்துவிட்டது: ஒரு பக்கம் கரும்பச்சையாகக் காடு, இன்னொரு பக்கம் பழுப்பாகப் புல், அதைத் தாண்டிக் கண் போகிற தூரம் வரை பளபளவென்று தண்ணீரா சேறா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பரப்பு.

அந்தக் காடு சாதாரணக் காடு இல்லை. மழை நமக்கு மாதிரியே பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், மற்ற மாதங்களில் வெயிலும் உப்புக் காற்றும். அப்படியும் மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. பாலை, வீரை, நாவல், உகா என்று தடித்த இலையோடு குட்டையாக, நெருக்கமாக நிற்கின்றன. கீழே காரை, சங்கஞ்செடி என்று முள்ளும் புதரும். உலர் பசுமைமாறாக் காடு என்று சொல்லும் இந்த வகை ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்தது, இன்று கோயில் காடுகளாகவும் துண்டுகளாகவும்தான் மிச்சம். நம் கிண்டியில் இருப்பதும் அதன் ஒரு துண்டு. கோடியக்கரையில் அது இன்னும் காடு என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது, போவதற்கு அந்த ஒரு காரணமே போதும் என்பது என் அபிப்பிராயம். தேவாரம் பாடப்பட்ட கோடிக்குழகர் கோயிலும் இதே பகுதியில்தான் இருக்கிறது.

மரங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. மணல்மேட்டில் பெய்யும் மழை ஓடிப் போகாமல் நேரே உள்ளே இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் கடல்நீர் ஊறிய மணலுக்குமேல் மிதந்தபடி தங்கிவிடும். மேடு உயர உயர அடியில் நல்ல தண்ணீரும் தடிமனாக நிற்கும். மணலை அள்ளினாலோ மோட்டார் வைத்து அதிகமாக உறிஞ்சினாலோ உப்பு மேலே ஏறிவிடும், திரும்ப இறங்க ரொம்ப காலம் பிடிக்கும். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நம் காலடியில் இருப்பதும் இதே ஏற்பாடுதான், நம் தெருக் கிணறுகளைப் பற்றி யோசிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புல்வெளியில் வெளிமான்களைப் பார்த்தோம். 1967-ல் கோடியக்கரையைச் சரணாலயமாக அறிவித்ததே முக்கியமாக அவற்றுக்காகத்தான். முறுக்கிய கொம்போடு கறுத்த கிடா ஒன்று, கொஞ்சம் தள்ளிப் பழுப்பு நிறப் பெட்டைகள். வெளிமான் ஓடித் தப்பிக்கும் விலங்கு, அதற்குத் திறந்த வெளி வேண்டும், எது வந்தாலும் தூரத்திலேயே தெரிய வேண்டும். அந்த வெளியைத்தான் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டு வருகிறது. அங்கே காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகள் அதன் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. குதிரைகள் பார்க்க அழகு, எங்களில் பலர் மானைவிடக் குதிரையைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். ஆனாலும் புல்வெளியின் கணக்கில் அவை வேறு பக்கம் நிற்கின்றன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் சதுப்பு. கரைக்கு இணையாகக் கிழக்கு மேற்காகச் சுமார் 48 கிலோமீட்டர் நீளம். 2002-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது இந்த இடம், மொத்தம் 38,500 ஹெக்டேர். மழை முடிந்தபின் காவிரியின் கடைசித் தண்ணீரும் கடலும் கலந்து கணுக்கால் அளவில் நிற்கும்போது வலசைப் பறவைகள் இறங்குகின்றன. ஆர்க்டிக் பக்கமிருந்து வரும் கொசு உள்ளான் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. ஒவ்வொரு வகை உள்ளானுக்கும் அலகு ஒரு நீளம், கால் ஒரு நீளம், அதனால் இரண்டு விரல் தண்ணீரில் மேய்வது ஒன்று, நான்கு விரல் தண்ணீரில் மேய்வது வேறொன்று. தண்ணீர் ஒரு சாண் கூடிவிட்டால் சின்னவற்றுக்கு அன்று சாப்பாடு இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் அடையாள வளையம் இட்டு வருகிறது, பறவையியலாளர் சலீம் அலியே வந்து வேலை செய்த இடம். பூநாரைகள் தூரத்தில் நின்றன. வெறும் கண்ணுக்கு இளஞ்சிவப்புக் கோடுதான். தொலைநோக்கியில் பார்த்தபோது தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரை அரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. யாரும் பேசவில்லை, எங்களோடு வந்த குழந்தைகள் உட்பட.

உப்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு இங்குதான். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளியது அகஸ்தியம்பள்ளியில், அங்கே நினைவுத் தூண் இருக்கிறது, போய் நின்றோம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சக் காய்ச்ச உப்புச் செறிவு ஏறுகிறது. ஓரளவுக்குமேல் மீன் இருக்காது, உவர் இறால் இருக்கும், அதைத் தின்னப் பூநாரை வரும். அதற்கும் மேலே போனால் எதுவும் இருக்காது. ஆகவே உப்பளம் பறவைக்கு நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. சதுப்பின் எவ்வளவு பகுதி பாத்தியாக மாறுகிறது, தண்ணீர் வந்து போகும் வழி அடைபடுகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பாத்திகளில் வெயிலில் நின்று உப்பு வாருபவர்களின் கால்களைப் பார்த்தவர்கள் அவர்களையும் சேர்த்துத்தான் யோசிப்பார்கள்.

அடுத்த நாள் முத்துப்பேட்டை, தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு. கோரையாறு, பாமணியாறு போன்ற காவிரிக் கிளைகள் கடலைச் சேரும் காயல், படகில்தான் போக வேண்டும். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நிற்பதெல்லாம் மூச்சு வேர்கள், சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. எனக்கு அங்கே மனதில் பதிந்தது சாண் கணக்குதான், மறுபடியும். பழைய காலத்தில் ஒரு பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். மரம் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்து, நடுவில் தாம்பாளம் மாதிரி அமுங்கிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏறும்போது, உள்ளே வரும் தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காத பொட்டலாகிவிட்டது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் செய்தது எளிமையான வேலை: மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வந்து போக வழி செய்துவிட்டுக் கரைகளில் நட்டார்கள். காடு திரும்ப வந்தது. ஆனால் மேலே ஆற்றில் நல்ல தண்ணீர் குறையக் குறைய, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் ஒன்று மட்டும் நிற்கிறது, மற்ற வகைகள் அரிதாகிவிட்டன.

2018 நவம்பர் 16 பற்றி அங்கே யாரிடம் பேசினாலும் பேச்சு வந்துவிடுகிறது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிய விடியற்காலை. மான்களும் குதிரைகளும் செத்தன, மாந்தோப்பும் தென்னையும் சாய்ந்தன, கடல் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து உப்பளங்களின் மேல் போட்டுவிட்டுப் போனது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் அதற்கு முன்பே, 2004 ஆழிப்பேரலையில் போய்விட்டது. காட்டில் இன்றும் முறிந்த மரங்களுக்கு நடுவில் புதுத் துளிர் நிற்கிறது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அண்ணன் அந்த மண்ணிலேயே பிறந்தவர், ஒவ்வொரு பாலை மரத்தையும் பெயர் தெரிந்தவரைப் போலத் தொட்டுக் காட்டினார். அவருக்கும், நம்மைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்ட குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகளைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, பள்ளிக்கரணைச் சதுப்பில் மாதம் ஒரு முறை பறவைக் கணக்கெடுப்பு, அதோடு தண்ணீர் மட்டத்தையும் குறித்து வைப்பது. 2022-ல் அதுவும் ராம்சார் இடமாகிவிட்டது, ஆனாலும் சுற்றிலும் மண் கொட்டி மேடாக்கும் வேலை நிற்கவில்லை, கையில் பதிவு இருந்தால்தான் நாம் போய்ப் பேச முடியும். இரண்டாவது, நம் கரையில் அடும்பு, ராவணன் மீசை போன்ற மணல் செடிகள் மிச்சமிருக்கும் மணல்மேடுகளைச் சுத்தம் என்ற பெயரில் இயந்திரம் வைத்துச் சீவ வேண்டாம் என்று கேட்டு மனு. மூன்றாவது, மறுபடியும் கோடியக்கரை, இந்த முறை முத்துப்பேட்டைப் படகுக்கான அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடலாம்.

வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் எடுத்து வர வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கட்டாயம் கொண்டு வாருங்கள், போன முறை நம்மிடம் இருந்தது போதவில்லை.