'எட்டு'ம் 'அஷ்ட'வும் உறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமஸ்கிருதமே எல்லா மொழிக்கும் தாய் என்று ஒரு கடிதம் வந்தால், தமிழிலிருந்து பிறந்ததுதான் சமஸ்கிருதம் என்று அதற்கு மறுப்பு வருகிறது. இரு தரப்பும் கையாளும் முறை ஒன்றேதான். ஒலி ஒத்த இரண்டு சொற்களை அருகருகே வைத்து, 'பார்த்தீர்களா!' என்பது. அந்த முறை எங்கே வழுக்குகிறது, மொழியியலில் வேறு எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அதிகம் அடிபடும் இணை 'எட்டு – அஷ்ட'. இந்தியில் 'ஆட்', ஆங்கிலத்தில் 'எய்ட்'. அசப்பில் எல்லாம் ஒரே சொல்தான். ஆனால் நம் 'எட்டு' தனியாக நிற்கும் சொல் அன்று. எண்பது, எண்ணூறு, எண்மர், எண்திசை என்று அதன் கூட்டத்தைப் பாருங்கள். கன்னடத்தில் இன்றும் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. அடி 'எண்'. அதிலுள்ள மூக்கொலிதான் 'எட்டு' என்ற வடிவில் டகர ஒற்றாகத் திரிந்து மறைந்திருக்கிறது. மறுபக்கம் 'அஷ்ட'வுக்கு லத்தீனிலும் கிரேக்கத்திலும் 'ஒக்தோ'. ஷகரம் இருக்க வேண்டிய இடத்தில் ககரம். ஆக, ஒன்றின் உள்ளே ணகரம், மற்றதன் உள்ளே ககரமும் தகரமும். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றனவே தவிர நெருங்கவில்லை. தற்செயல் ஒற்றுமை என்பது இதுதான்.

உண்மையான உறவு பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்கு அழகாகத் தெரியாது. பால் – ஹாலு, பத்து – ஹத்து, புலி – ஹுலி, பல் – ஹல்லு: தமிழில் சொல்முதல் பகரம் வரும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ஹகரம். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கும் பகரமே இருந்தது. ஆகவே மாறியது எந்தப் பக்கம் என்பதிலும் ஐயமில்லை. இதுபோன்ற ஓர் ஒழுங்கை சமஸ்கிருதத்துக்கும் பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவுக்கும் இடையே காணலாம்: சப்த – ஹப்த, சோம – ஹஓம, அசுர – அஹுர. ஓர் இணை இருந்தால் விபத்து. வரிசையாக இணைகள் ஒரே விதியில் விழுந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

இனி, 'தாய்மொழி' வாதத்துக்கு வருகிறேன். இதை உடைக்கும் சான்று சமஸ்கிருதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் தமிழே போதும். கன்னடத்தில் 'கிவி', நமக்குச் 'செவி'. அங்கே 'கெம்', இங்கே 'செம்'. அங்கே 'கேரி', இங்கே 'சேரி'. இகரமோ எகரமோ பின்னால் வந்தால் ககரத்தை ஒலிக்கும் நாக்கு முன்னால் நகர்ந்து சகரத்தில் வந்து நிற்கிறது. (பின்னால் ள, ழ போல நாக்கை மடித்து ஒலிக்கும் நாமடி ஒலி வந்தால் தமிழிலும் நகராது: கிளி, கேள், கீழ்.) உலக மொழிகள் பலவற்றில் நிகழும் இயல்பான மாற்றம் இது.

சமஸ்கிருதத்தில் 'உம்' என்ற பொருள் தரும் சொல் 'ச'. 'யார்' என்று கேட்கும் சொல் 'க'வில் தொடங்கும். லத்தீனில் இரண்டுக்கும் ஒரே மெய்: 'க்வே', 'க்வோ'. ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச' லத்தீனில் 'க்வீன்க்வே'. சமஸ்கிருதத்தில் இரண்டு இடத்திலும் பின்னால் நிற்பது அகரம்தான். பிறகு ஏன் ஓரிடத்தில் க சகரமாயிற்று, இன்னோரிடத்தில் ஆகவில்லை? லத்தீனில் எகரம் உள்ள இடத்தில்தான் சமஸ்கிருதம் சகரம் காட்டுகிறது. ஒகரம் உள்ள இடத்தில் ககரம் அப்படியே நிற்கிறது. அதாவது சமஸ்கிருதத்திலும் ஒருகாலத்தில் குறில் எகரமும் ஒகரமும் இருந்தன. எகரம் தன் வேலையைச் செய்து ககரத்தைச் சகரமாக்கிவிட்டு, பிறகு ஒகரத்தோடு சேர்ந்து அகரத்தில் கலந்துவிட்டது. 'செய்தான்' என்னும் 'சகார' என்ற ஒரே வினைச்சொல்லில் இந்த இரண்டு விளைவுகளும் பதிந்திருக்கின்றன. இரட்டித்து வந்த முதல் அசையில் ச, இரண்டாவதில் க. இரட்டிப்பில் ககர வர்க்கம் சகர வர்க்கமாகும் என்று சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி விதி மட்டும் வகுத்தார். காரணம் பழைய கிரேக்கத்தில் கிடைக்கிறது. அங்கே இந்த இரட்டிப்பு அசை எகரத்தோடுதான் வரும்: 'லெலொய்ப'.

இது 1870-களில் பலருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் புலப்பட்டது. சமஸ்கிருதம் தாய் என்றால், அகரத்திலிருந்து எகரமும் ஒகரமும் லத்தீனிலும் கிரேக்கத்திலும் தனித்தனியே பிரிந்து, பிரிந்த இடம் சமஸ்கிருதத்தின் ச–க வேறுபாட்டோடு அச்சாகப் பொருந்தியிருக்க வேண்டும். நடக்கக்கூடியதல்ல. உயிரெழுத்தில் கிரேக்கம் பழமையைக் காத்தது. மெய்யெழுத்துகள் சிலவற்றிலும் எட்டு வேற்றுமைகளிலும் சமஸ்கிருதம் காத்தது. எல்லாம் உடன்பிறப்புகள். 'ஒருவேளை இன்று இல்லாமற்போன ஒரு பொது ஊற்று' என்ற கருத்தை ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் சொன்னது 1786-இல். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1767-லேயே இந்த ஒப்புமைகளைப் பட்டியலிட்டுப் பாரிசுக்கு அனுப்பினார். அது அச்சேற 1808 ஆயிற்று. பெயர் ஜோன்சுக்குப் போய்விட்டது.

சொல்லைக் கடன் வாங்கலாமே, இலக்கணத்தையும் வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். ஒழுங்கற்ற வடிவத்தை அரிதாகவே கடன் வாங்குவார்கள். 'இருக்கிறான்' சமஸ்கிருதத்தில் 'அஸ்தி', 'இருக்கிறார்கள்' 'சந்தி'. பன்மையில் முதல் உயிர் விழுந்துவிடுகிறது. லத்தீனில் 'எஸ்த் – சுந்த்', ஜெர்மனில் 'இஸ்ட் – சிண்ட்'. அதே இடத்தில் அதே உயிர் விழுகிறது. நம் திராவிட மொழிக்குடும்பத்திலும் இப்படி ஒரு முத்திரை உண்டு: தான் – தன், தெலுங்கில் தானு – தன, கன்னடத்தில் தானு – தன்ன. வேற்றுமை ஏற்கும்போது நெடில் குறுகும். இத்தகைய முத்திரைகளில் தமிழும் சமஸ்கிருதமும் எங்கும் சந்திப்பதில்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816-இலும் பாதிரியார் கால்டுவெல் விரிவாக 1856-இலும் காட்டியதற்கு அடிப்படை இதுதான்.

காலத்தைப் பற்றி ஒன்று. கல்வெட்டின் வயதை மொழியின் வயதாக எடுத்துக்கொள்வது அடுத்த வழுக்கல். அசோகர் கல்வெட்டுகள் பிராகிருதத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில். நீண்ட சமஸ்கிருதக் கல்வெட்டு என்றால் ஜுனாகட்டில் ருத்ரதாமனுடையது, ஏறத்தாழ கி.பி. 150. 'ஆகவே பிராகிருதம்தான் மூத்தது' என்று வாதிடுவோர் துருக்கியில் கிடைத்த களிமண் பலகைகளைப் பார்க்க வேண்டும். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவின் மித்தானி அரசு செய்த உடன்படிக்கையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் (அசுவினி தேவர்கள்) சாட்சிகள். குதிரைப் பயிற்சி பற்றிய இன்னொரு பலகையில் சுற்றுகளின் எண்ணிக்கை: ஐக, தெர, பஞ்ச, சத்த, நா (ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது). இதில் 'ஐக'வைக் கவனியுங்கள். ஒன்று என்ற எண் ஈரானிய மொழிகளில் 'ஐவ', சமஸ்கிருதத்தில் 'ஏக'. ககரம் சமஸ்கிருதப் பக்கம் நிற்கிறது. உயிரோ சமஸ்கிருதத்தையும் விடப் பழைய நிலையில், ஐயாகவே இருக்கிறது. ஆக, அசோகர் கல்வெட்டுகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே சமஸ்கிருதத்தின் நெருங்கிய உறவு மொழி ஒன்று வழங்கியிருக்கிறது.

உறவில்லை என்றால் தொடர்பே இல்லை என்று பொருளாகாது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் அண்டை வீட்டுக்காரர்கள். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது. எது யாருடையது என்று அறிய, சொல்லுக்குச் சொந்தபந்தம் எந்தப் பக்கம் என்று தேட வேண்டும். பிற்காலச் சமஸ்கிருதத்தில் 'நீர' உண்டு. ஆனால் அவெஸ்தாவிலோ லத்தீனிலோ அதற்கு இனமில்லை. சமஸ்கிருதத்தின் சொந்தச் சொல் 'உதன்'. கிரேக்கம் 'ஹுதோர்', ஆங்கிலம் 'வாட்டர்' அதன் இனம். 'நீர்' தெலுங்கு, கன்னடம் தொடங்கி பலுச்சிஸ்தானத்துப் பிராகூயி மொழியின் 'தீர்' வரை நம் வீட்டுச் சொல். எதிர்த்திசையில் 'ச்ராவண' நமக்கு 'ஆவணி' ஆயிற்று, 'ச்ரவண' 'ஓணம்' ஆயிற்று, 'சமணர்' 'அமணர்' ஆனார்கள். முதல் சகரம் உதிர்கிறது. உதிர்ந்ததெல்லாம் கடன் என்று ஓடிவிடவும் கூடாது. நம் சொந்த 'ஐந்து', 'ஆறு' நடு இந்தியத் திராவிட மொழியான கோண்டியில் 'சையுங்', 'சாருங்'.

ட, ண, ள போன்ற நாமடி ஒலிகள் சமஸ்கிருதத்துக்கு நம்மிடமிருந்தே போயின என்பதிலும் பாதியே சரி. அவெஸ்தாவில் அவை இல்லை, திராவிட மொழிகளில் தொன்றுதொட்டு உள்ளன. அண்டை மொழியின் தாக்கம் என்பது நியாயமான முடிவு. ஆனால் ஒவ்வொரு டகரமும் இறக்குமதி அன்று. கூட்டைக் குறிக்கும் 'நீட' லத்தீனில் 'நீதுஸ்', ஆங்கிலத்தில் 'நெஸ்ட்'. அதிலிருந்த சகரம் இகரத்துக்குப் பின் ஷகரமாகி, அடுத்த மெய்யை நாமடியாக்கிவிட்டு மறைந்தது. மேற்கோளை முடிக்கச் சமஸ்கிருதத்தில் போடும் 'இதி', நாம் போடும் 'என்று' இரண்டும் ஒரே அச்சில் இயங்குகின்றன. சொல் அவர்களுடையது, அதைப் பயன்படுத்தும் பழக்கத்தில் நம் சாயல் என்பது பலர் கருத்து.

கடிதம் எழுதுவோருக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை. வடசொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒப்பிடாதீர்கள். சமஸ்கிருதத்தின் நான்கு ககரமும் நமக்கு ஒரே 'க'. வலிமையும் 'பலம்', பழமும் 'பலம்'. மூலத்தில் முதலெழுத்தே வேறு. நம் எழுத்தில் எழுதிய உடனேயே இல்லாத உறவுகள் பத்து முளைத்துவிடும். அம்மா, அப்பா, காகம் போன்ற சொற்களையும் விலக்குங்கள். குழந்தையின் வாயும் காக்கையின் குரலும் எல்லா ஊரிலும் ஒன்று.

தாங்களும் இத்தகைய கடிதத்தை அச்சிடுமுன் எழுதியவரிடம் மூன்றைக் கேட்டு வாங்கலாம்: சொல்லின் மிகப் பழைய வடிவம், அதே மொழிக்குடும்பத்தில் அதன் இனச்சொற்கள், அதே ஒலிமாற்றம் நிகழ்ந்த வேறு ஐந்து சொற்கள். 'எட்டு – அஷ்ட' இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

இப்படிக்கு,
மொழியியல் ஆசிரியர் ஒருவர்