டியேகோ கார்சியாவில் பிறந்தவர்கள் ஊர் திரும்பட்டும்: பிரிட்டன் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராணுவத் தளத்துக்காக நீங்கள் மக்களை வெளியேற்றிய, இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. 2025 மே 22 அன்று மொரீஷியஸுடன் நீங்கள் போட்ட ஒப்பந்தம்தான் என்னை எழுத வைக்கிறது. தீவுகள் மொரீஷியஸுக்கு. அவற்றில் பெரிய தீவான டியேகோ கார்சியா 99 ஆண்டு குத்தகைக்கு உங்களுக்கு. ராணுவத் தளம் வழக்கம்போல அமெரிக்காவுக்கு. மற்ற தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸ் ஏற்பாடு செய்யலாம், டியேகோ கார்சியாவில் மட்டும் முடியாது. கையெழுத்தைத் தடுக்கச் சொல்லி நீதிமன்றப் படியேறிய இருவரும் அந்தத் தீவில் பிறந்த பெண்கள். அவர்களால் சில மணி நேரம்தான் தள்ளிவைக்க முடிந்தது.

என் கோரிக்கை ஒன்றுதான். வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். டியேகோ கார்சியாவுக்கே திரும்ப விரும்புகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

நான் கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறேன். 1966 ஆகஸ்டில் உங்கள் துறையின் நிரந்தரச் செயலர் பால் கோர்-பூத் எழுதிய குறிப்பை மாணவிகளுக்குப் படித்துக் காட்டுவேன். அங்கே கடற்புறாக்களைத் தவிர பூர்வகுடிகள் யாரும் இருக்க மாட்டார்கள், அவற்றுக்கு இன்னும் கமிட்டி அமையவில்லை, ஐ.நா.வின் பெண்கள் நிலைக்கான கமிட்டி பறவைகளின் உரிமைகளைக் கவனிப்பதில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். பறவைகளோடு சில டார்ஜான்களும் இருப்பதாக அதே துறை அதிகாரி டெனிஸ் கிரீன்ஹில் பதில் எழுதினார். காலனி மக்களையும் பெண்களையும் ஒரே மூச்சில் எள்ளி நகையாடிவிட்டு, 1968 முதல் 1973 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை விட்டுக் கொன்றார்கள்.

லிஸ்பி எலிசே என்ற பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2018இல் சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய வாக்குமூலம் காணொளியாகக் காட்டப்பட்டது. தங்கள் தீவு கண்ணில் படக்கூடாது என்று இருட்டில் கப்பலேற்றினார்களாம். அப்போது அவர் நான்கு மாத கர்ப்பிணி. கப்பலின் அடித்தட்டில் நான்கு நாள் பயணம். மொரீஷியஸ் வந்து சேர்ந்தபின் குழந்தை பிறந்தது, இறந்தது. ராணுவத் தளத்துக்கு என்ன செலவானது என்று கணக்குப் போட்டவர்கள் யாரும் இந்தக் குழந்தையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவில் பட்டினிப் போராட்டம் நடத்தியவர்களும் பெண்கள்தான்: லிசெட் தலாத், சார்லேசியா அலெக்சிஸ், இன்னும் பலர். பிரிட்டனும் மொரீஷியஸும் செய்துகொண்ட 1982 உடன்பாட்டுக்குப் பிறகு இழப்பீடு என்று கொஞ்சம் பணம் வந்தது. அதற்காக ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது பலருக்குத் தெரியாது. உலக அரசியல் என்று பாடநூல்கள் சொல்வதெல்லாம் தலைநகரங்களும் போர்க்கப்பல்களும்தான். அந்தக் கைநாட்டும் உலக அரசியல்தான் என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படுகிறது.

சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில், தீவுகளை மொரீஷியஸிலிருந்து நீங்கள் பிரித்தது சட்டப்படி செல்லாது என்றது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, 6 நாடுகள் மட்டுமே எதிர்த்தன. இவ்வளவுக்குப் பிறகும் பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசுகள்தான் உட்கார்ந்தன.

அப்புறம், எங்கள் ஆட்களையும் மறக்க முடியவில்லை. 2021இல் படகு பழுதாகி நடுக்கடலில் தவித்த இலங்கைத் தமிழர்களை அதே தீவில்தான் இறக்கினீர்கள். பெண்களும் குழந்தைகளும் கூடாரங்களில் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். சொந்தக்காரர்களை விரட்டிய தீவில் அடைக்கலம் தேடியவர்களையும் அடைத்தே வைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். தயவுசெய்து மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் உங்கள் நாட்டு கிராலி நகரிலும் வாழும் சாகோஸ் மக்களை நேரில் அழைத்து, அவர்கள் பேசும் கிரியோல் மொழியில், முதலில் மூத்த பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாத பகுதியைத் திருத்துங்கள். டியேகோ கார்சியாவில் பிறந்தவர்கள் டியேகோ கார்சியாவுக்கே திரும்ப அனுமதியுங்கள். அங்கே பிறந்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் ஆசிரியை ஒருவர்,
திருச்சி