கொடி தந்தவர்களுக்கும் போர்வை தந்தவர்களுக்கும்

மினியாபோலிஸ் புறநகரில் எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்கும், தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

போன செப்டம்பரில் எங்கள் கொல்லையில் இரண்டே கொடிகளில் இருந்து 14 கிலோ விதையில்லா திராட்சை பறித்தோம். அப்புறம் கடையில் திராட்சையோ கிஸ்மிஸோ வாங்கவே இல்லை. சங்கத்துப் பொங்கலில் போட்ட கிஸ்மிஸும் கொல்லையில் காய்த்ததுதான். அன்றைக்குக் கூட்டத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் விளையாடி வளர்ந்தவன். அங்கே கொடிக்குத் தூக்கம் கிடையாது. கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட நாளைப் பொறுத்து வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அந்தத் தைரியத்தில் 2014இல் இங்கே ஒரு கடையில் தாம்சன் வகைக் கொடி வாங்கி நட்டேன். கோடை முழுக்கத் தளதளவென்று படர்ந்தது. அடுத்த ஏப்ரலில் எந்தக் கிளையை நகத்தால் கீறினாலும் உள்ளே பழுப்பு. விற்றவர்கள் இந்த ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டுப்போன கொடியை நான் பிடுங்கிக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்த பின்வீட்டு அம்மாதான், மறுவருஷம் வேர்விட்ட இரண்டு கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சாமர்செட் சீட்லெஸ் என்ற விதையில்லா திராட்சை வகை. அதை உருவாக்கிய எல்மர் ஸ்வென்சன், செயின்ட் குரோய் ஆற்றுக்கு அந்தக் கரையில் விஸ்கான்சின் மாநிலத்து ஒசியோலாவில் பால்மாடு வைத்திருந்த விவசாயி. இந்த மண்ணில் தானாக முளைக்கும் காட்டுத் திராட்சையின் குளிர் தாங்கும் குணத்தை, தின்னும் பழத்துக்குள் கொண்டுவர 1943 முதல் வகைகளைக் கலப்பினம் செய்துகொண்டே இருந்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி வெட்டிக் கொடுத்தாராம். 2004இல் காலமானார். நேரில் பார்க்காத அவருக்கும் இந்த மடலில் ஒரு நன்றி.

தூண் நட்டது என் மாமனார். கம்பத்தில் கல்தூண் நட்டுப் பழகிய கை. இங்கே குளிரில் மண் உறைந்து தூணை மேலே தள்ளிவிடும் என்று கேட்டதும், மூன்றரை அடிக்குக் கீழே போகாமல் கடப்பாரையை வைக்கமாட்டேன் என்றுவிட்டார். வந்த விருந்தாளி அவர். ஒரு வாரம் மண்ணோடுதான் இருந்தார். மாமா, அந்தத் தூண்கள் இன்றைக்கும் அசையவில்லை.

2018 மார்ச்சில் முதல் பெரிய கவாத்து. நான் நுனி நுனியாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பின்வீட்டு அம்மா கத்தரியை வாங்கினார். ஆள் உயரத்துக்கு நீண்டிருந்த கிளைகள் சடசடவென்று பனிமேல் விழுந்தன. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. எனக்கு வயிறு கலங்கியது. “போன வருஷக் குச்சியில் இருந்து வரும் புதுத் தளிரில்தான் பூ வரும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் இலைதான் மிஞ்சும்” என்றார். வெட்டிய வாயில் இருந்து தண்ணீர் சொட்டியது. கொடி அழுகிறதே என்றேன். ஒரு சொட்டை விரலில் எடுத்து என் நாக்கில் வைக்கச் சொன்னார். வெறும் தண்ணீர் ருசி. “வேர் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான்” என்றார். கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த கொடி முடியும்வரை அந்தக் குளிரில் நின்றார் அம்மா. அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

2019 ஜனவரி 30 அன்று இங்கே பாரன்ஹீட்டில் மைனஸ் 28 வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதையும் தாங்கி மே மாதம் பஞ்சு போல மொட்டு அவிழ்ந்தது. ஆனால் குளிர்காலத்தில் அத்தனை கெட்டியாக இருக்கும் கொடி, தளிர் விட்டுவிட்டால் ஒரு ராத்திரி உறைபனிக்குக் கருகிவிடும். விரல் நீளத் தளிரோடு நின்றபோது அப்படி ஓர் இரவு வந்தது. பிளாஸ்டிக் தளிரில் பட்டால் குளிர் ஏறிவிடும், துணிதான் வேண்டும். குழுவில் கேட்ட அரைமணி நேரத்தில் வந்தீர்களே! எதிர்வீட்டுப் பிள்ளை தன் டைனோசர் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சங்கத்து நண்பர் ஒருவர் எட்டு முழ வேட்டிகள் நான்கைக் கொண்டுவந்து கம்பியில் கட்டினார். காலையில் எடுத்துப் பார்த்தால் வெளியே நீட்டியிருந்த இரண்டு நுனி மட்டும் கருகியிருந்தது.

காய்கள் கறுத்துச் சுருங்கிய வருஷம், அது கருப்பழுகல் என்ற பூஞ்சை நோய் என்று கண்டுபிடித்து, காய்ந்த காய் ஒன்றுகூடக் கொடியில் தங்கக்கூடாது என்று சொன்ன மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தோட்டப் பயிற்சி பெற்ற ‘மாஸ்டர் கார்டனர்’ தன்னார்வலர்களுக்கும் நன்றி. பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கினால் தோல் வெடித்துச் சீக்கிரம் காயும் என்று சொல்லித்தந்த அக்கா, எட்டுக் கிலோவில் இரண்டு கிலோ கிஸ்மிஸ் கிடைத்தது. உங்கள் பங்கு டப்பாவில் இருக்கிறது.

இந்த வாரம் கவாத்து முடித்தேன். பென்சில் கனத்தில், நான்கு கணு உள்ள குச்சிகள் நாற்பது, ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மே மாதம் மண் சூடானதும் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி, வெயில் படும் இடத்தில் நட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி கொடுத்தவர் முதலில்.