ஆறாவது அசைவில் நிற்கிறேன்

அன்புள்ள கண்ணம்மா,

நன்றாக இருக்கிறாயா? போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததற்காக நீ பணம் கட்டிச் சேர்த்துவிட்ட தாய் சீ வகுப்புக்கு, அதுதான் அந்த நிதானமான சீன உடற்பயிற்சிக்கு, ஆறு வாரமாக ஒரு நாள்கூட விடாமல் போகிறேன். உன் தம்பி சிரிக்கிறான். ஸ்லோ மோஷனில் கொசு அடிக்கிறேனாம். சிரிக்கட்டும்.

முதல் இரண்டு வகுப்பிலும் நிற்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அறுபது வருஷமாக நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும், முட்டியை விறைக்கக் கூடாது, நாக்கு நுனி மேலண்ணத்தை லேசாகத் தொட வேண்டும். டீச்சர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் என் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்பதே தெரிந்தது. நீயும் கம்ப்யூட்டர் முன்னால் அப்படித்தான் உட்காருவாய். தோளைக் கீழே விடு. ராத்திரி சீக்கிரம் படு.

நாங்கள் கற்பது 24 அசைவுகள் கொண்ட வரிசை. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் குடும்பத்தாரின் பாணியிலிருந்து சுருக்கித் தொகுத்தது. பழைய நீளமான வரிசையில் நூறுக்கு மேல் வருமாம். இதன் வேர் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் இருக்கிறது. அங்கே போய்க் கற்றுக்கொண்ட யாங் லூச்சான் 19ஆம் நூற்றாண்டில் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபுதான் இதை இப்படி நிதானமாக, ஒரே சீராகச் செய்யும் பாணியாகப் பரப்பினாராம். அடிப்படையில் இது சண்டைக் கலை, தம்பியிடம் சொல்லிவை. இவ்வளவும் டீச்சரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் நீ ஓயாமல் கேள்வி கேட்கிறாய் என்று புகார் வரும்போது உன்னைத் திட்டுவேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

தெரிந்தவர்களுக்கு 24ஐயும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். எனக்கு ஆறு வாரத்தில் ஐந்துதான் வந்திருக்கிறது. காட்டுக் குதிரையின் பிடரியை விலக்குவது, வெள்ளைக் கொக்கு சிறகு விரிப்பது என்று பேரெல்லாம் அழகுதான். செய்யும்போது கொக்கு மாதிரி இல்லை, கொடியில் காயும் துணி மாதிரி இருக்கிறேன். ஆரம்பத்தில் முட்டி வலித்தது. பாதம் ஒரு பக்கம் பார்க்க, முட்டியை வேறு பக்கம் திருப்பியிருக்கிறேன். பாதம் பார்க்கும் திசையில்தான் முட்டியும் மடங்க வேண்டும், கால் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. நீயும் மாடிப்படியில் பார்த்து இறங்கு. ராத்திரி சீக்கிரம் படு, இதைச் சொல்லிவிட்டேனா? வாட்ஸ்அப்பில் கடைசியாகப் பார்த்த நேரம் 2.40 என்று காட்டுகிறது. நேற்றும் அப்படித்தான். ஏன் என்று கேட்கவில்லை.

நடக்கத்தான் அதிகக் கஷ்டம். எடை முழுவதையும் பின்காலில் வைத்துக்கொண்டு முன்காலின் குதிகாலை மட்டும் தரையில் வைக்க வேண்டும். எடை இல்லாத காலைக் காலிக் கால் என்கிறார் டீச்சர். சட்டென்று "நில்லுங்கள்" என்பார், "இப்போது அந்தக் காலைத் திரும்ப எடுங்கள்" என்பார். எடுக்க முடிந்தால் சரியாக வைத்திருக்கிறோம். தடுமாறினால் அவசரப்பட்டு எடையைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். நான் ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன்.

இப்போது நிற்பது ஆறாவதில். குரங்கை விரட்டுவது என்று பேர். நாலு அடியும் பின்பக்கமாகவே. ஒரு கை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கால் பின்னால் போகும். முதலில் விரல்நுனி, பிறகு பாதம், கடைசியில்தான் எடை. போன வாரம் இரண்டாவது அடியில் என்னால் மேற்கொண்டு செய்ய முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச்சில் நீ வந்திருந்த அன்று ராத்திரி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாயே. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வைத்த காலைப் பின்னால் எடுக்காதே, எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், அனுசரித்துப் போ என்றேன். நீ மூன்றாம் நாள் கிளம்ப வேண்டியவள், மறுநாளே கிளம்பினாய். பயம் கண்ணம்மா. உனக்காகப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மற்றவர்கள் என்னைக் கேட்பார்களே என்றுதான் பயந்தேன். நீ முழுதாகச் சொல்லி முடிக்கவே இல்லை. தண்ணீர்ச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவும் இல்லை. கேட்காததற்குத்தான் பதில் சொன்னேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை. மாப்பிள்ளையிடம் இதைக் காட்டாதே.

அடுத்த சனிக்கிழமை ஏழாவது ஆரம்பம், சிட்டுக்குருவியின் வாலைப் பிடிப்பது. ஆறாவதே வராமல் அதற்கு எங்கே போவது என்றால், வரும், விடாமல் செய்யுங்கள் என்கிறார் டீச்சர். தினமும் காலையில் மாடி அறையில்தான் செய்து பார்க்கிறேன். உன் கட்டிலைச் சுவரோரம் தள்ளியிருக்கிறேன், நாலு அடி பின்னால் போக இடம் வேண்டியிருக்கிறது. அறை உனக்கு வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு நான் ஹாலுக்கு மாறிக்கொள்கிறேன்.

அம்மா