லங்காஸ்டர் பார்க்கின் கதையை முழுமையாகச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைகளில் லங்காஸ்டர் பார்க் திடலுக்கு விளையாட வரும் என் மகள், அங்குள்ள போர் நினைவு வாயிலைப் பார்த்து, "உள்ளே வெறும் புல்தரைதானே அப்பா, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய வாசல்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இம்மடலை எழுத வைத்தது.

பெஞ்சமின் லங்காஸ்டரிடமிருந்து வாங்கிய நிலத்தில் 1881-இல் திறக்கப்பட்ட இம்மைதானம், முதல் உலகப் போர்க் காலத்தில் உருளைக்கிழங்குத் தோட்டமாகவும் இருந்திருக்கிறது. போரில் மாண்ட, நம் கேன்டர்பரி வட்டாரத்து விளையாட்டு வீரர்களுக்காக எழுப்பப்பட்டதே அந்த வாயில். நியூசிலாந்து தன் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தை 1930-இல் இங்குதான் ஆடியது. டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாக 400 விக்கெட் என்ற எல்லையை நியூசிலாந்துப் பந்துவீச்சாளர் ரிச்சர்ட் ஹாட்லி 1990-இல் இங்கே தொட்டபோது ஆட்டமிழந்தவர் இந்திய வீரர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் என்பதால், இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கும் இம்மண்ணில் ஒரு பிடி நினைவு உண்டு.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலாக இது ரக்பியின் வீடு. அந்த வீட்டின் கதையில் வெற்றிகளை மட்டும் சொல்லிவிட்டு, 1981 ஆகஸ்ட் 15-ஐத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதே என் முதன்மையான வேண்டுகோள். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி அன்று நியூசிலாந்துக்கு எதிரான தொடரின் முதல் டெஸ்டில் இங்கே ஆடியது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டு எதிர்த்தனர், சிலர் திடலுக்குள்ளேயே புகுந்தனர். நியூசிலாந்து 14-9 என்று வென்றது. ஒரே குடும்பத்தில் ஒருவர் அரங்கிலும் இன்னொருவர் தெருவிலும் நின்ற காலம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் புள்ளிக் கணக்கைவிட அதுவே முதலில் தெரிய வேண்டும் என்று கருதுகிறேன்.

2011 பிப்ரவரி 22 நிலநடுக்கம் நம் நகரில் 185 உயிர்களைப் பறித்தது. மண் குழம்பாகி, பார்வையாளர் மாடங்களின் அடித்தளம் சிதைந்தது. அவ்வாண்டு இங்கு நடக்கவிருந்த ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதிகள் இரண்டும் ஆக்லாந்துக்குப் போயின. மாடங்களை இடிப்பதென்ற உங்கள் முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. காலி இடத்தை விற்றுவிடாமல் மக்களின் விளையாட்டுத் திடலாகவே வைத்திருப்பதற்கு மனமார்ந்த நன்றி.

நகரின் நடுவே புதிய அரங்கம் வந்த பிறகு பழைய இடத்தின் மீதான கவனம் குறையக்கூடும். அதற்கு முன், மாடங்கள் நின்ற எல்லைகளையும் கிரிக்கெட் ஆடுகளம் இருந்த இடத்தையும் தரையிலேயே கல் பதித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அங்கே நடந்ததை ஆண்டுடன் எழுதி வையுங்கள். 1981-க்கும் தனியாக ஒரு கல் இருக்கட்டும். அந்நாளில் அரங்கில் இருந்தவர்களும் தெருவில் நின்றவர்களும் இப்போது முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை இந்த ஆண்டே தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லங்காஸ்டர் பார்க் திடலுக்கு வரும் ஒரு தந்தை