எச்சரிக்கை அனுப்ப யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், மலர்?

அன்புள்ள மலருக்கு,

அமெரிக்காவில் உன் பல்கலைக்கழகப் போலீஸ் துறைக்கே உனக்குத் தலைமைப் பொறுப்பு வந்த சேதியை அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பால்காரர் முதல் உன் பெரியம்மா வரை எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "காலேஜுக்குள்ளே எதுக்குத் தனியா ஒரு போலீஸ்?" கேட்பதில் தப்பில்லை. இங்கே கல்லூரியில் ஏதாவது பிரச்சினை என்றால் போலீஸ் கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்திக்கொண்டு நிற்கும். கல்லூரி முதல்வர் கூப்பிட்டால்தான் உள்ளே வரும் என்பது வழக்கம். 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை என் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. மாணவன் ஒரு பக்கம், போலீஸ் எதிர்ப்பக்கம் என்று பார்த்தே வளர்ந்த ஜனங்கள் நாங்கள்.

அதனால் கேட்கிறவர்களுக்கு நானே விளக்கம் சொல்கிறேன். அங்கே ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கிட்டத்தட்ட நம்ம கோபி நகரம் அளவுக்கு ஜனம். விடுதி, ஆஸ்பத்திரி, பஸ், ஆய்வுக்கூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஃபுட்பால் மேட்ச் நாளில் கூட்டம் இன்னும் பெருகிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்கார இடம் உண்டு. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள, கைது செய்யும் அதிகாரத்தோடு பல்கலைக்கழகமே ஒரு போலீஸ் துறை வைத்திருக்கிறது. 1966 ஆகஸ்ட் 1-ல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் ஒன்றரை மணி நேரம் சுட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வருடமே வளாகப் போலீசுக்கு அந்த மாநிலம் சட்டம் போட்டது. இவ்வளவும் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் உனக்கு நான் எழுத வந்தது வேறு. போனில் பேசினால் பேரன் குறுக்கே வருவான், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

2007 ஏப்ரல் 16 உனக்கு மறந்திருக்காது. நீ அப்போதுதான் யூனிஃபார்ம் போட ஆரம்பித்திருந்தாய். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், நம்ம கோபிக்காரர். கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல் படித்தவர், கால் நூற்றாண்டாக அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். அன்று காலை நாரிஸ் ஹால் கட்டிடத்தில் 206-ஆம் அறையில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கோபியில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சாக இருந்தது. அன்றைக்கு நான் உனக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று உனக்கே தெரியும்.

அதன் பிறகு வந்த விசாரணைக் குழு அறிக்கையைப் பற்றி நீதான் எனக்கு விளக்கிச் சொன்னாய். காலை 7.15 வாக்கில் ஒரு மாணவர் விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். வளாகப் போலீஸ் வந்தது. இறந்த பெண்ணின் காதலன்தான் செய்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி அவனைத் தேடியது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனபோது மணி 9.26. நாரிஸ் ஹாலில் சுட ஆரம்பித்தது 9.40 வாக்கில். அங்கே மட்டும் 30 பேர் போனார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு விஷயம். அந்த எச்சரிக்கையை அனுப்பும் வசதி போலீஸ் கையில் இல்லை. மேலே உள்ள அதிகாரிகள் கூடி, என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று பேசி முடித்த பிறகுதான் அனுப்ப முடிந்தது. சீக்கிரம் சேதி போயிருந்தால் லோகநாதன் சார் இன்று உயிரோடு இருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வகுப்புக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று அவரே முடிவு செய்திருப்பார். அந்தப் பிள்ளைகளும்தான்.

நடு ராத்திரி 2 மணிக்கு உன் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெண், உன்னையோ துணைவேந்தரையோ எழுப்பாமல், தானாகவே எச்சரிக்கை அனுப்ப முடியுமா? முடியாது என்றால், நாற்காலியில் உட்கார்ந்ததும் நீ முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். ஆபத்து உறுதியானதும் தாமதம் இல்லாமல் சொல்ல வேண்டும் என்று 2008-லேயே அங்கே வளாகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சட்டம் இருந்தாலும், அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தும் கைக்குத் தைரியம் வேண்டும். "தப்பாக அனுப்பினாலும் நான் உன் பக்கம் நிற்பேன்" என்று அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வை.

அப்புறம் புகார் கேட்பது. இதில் எனக்கும் அனுபவம் உண்டு. வார்டனாக இருந்தவள் நான். தாளவாடி மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு முதல் வருடப் பெண், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருவன் பின்னாலேயே வருகிறான் என்று என்னிடம் வந்தாள். தேதி, நேரம், பஸ், அவன் போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் அவளைப் பார்த்து, "நீ என்னம்மா பண்ணினே?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் தலைமைக் காவலர் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "மெதுவாச் சொல்லு" என்றார். அரை மணி நேரத்தில் அவன் பெயர் முதற்கொண்டு வந்துவிட்டது. ஒரே ஸ்டேஷன், ஒரே பெண், ஒரே புகார்.

யூட்டா பல்கலைக்கழகத்து லாரன் மெக்லஸ்கியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். பெயரையும் வயதையும் பொய்யாகச் சொல்லிப் பழகியவன் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் இருப்பவன் என்று தெரிந்ததும் லாரன் அவனை விட்டு விலகினாள். அவன் மிரட்டிப் பணம் பறித்தான். அவள் வளாகப் போலீசை ஒரு முறை இல்லை, பல முறை கூப்பிட்டாள். அவளுக்கும் முன்னால், வேறு மாநிலத்திலிருந்து அவளுடைய அம்மாவே போலீசுக்குப் போன் போட்டிருந்தார். அவன் பரோலில் வந்தவன். அதைத் தெரிந்துகொண்டிருந்தால் அவனை மறுபடி உள்ளே அனுப்ப வழி இருந்தது. அதை எப்படிச் சரிபார்ப்பது என்றுகூட அந்தத் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்று பிறகு வந்த சுயேச்சையான ஆய்வு சொன்னது. 2018 அக்டோபர் 22 இரவு, அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே நடந்து வந்தவளை அவன் இழுத்துப்போய்க் கொன்றான். 2020-ல் பல்கலைக்கழகம் 135 லட்சம் டாலர் கொடுத்து, தடுத்திருக்கக்கூடிய சாவு இது என்று ஒப்புக்கொண்டது.

தொலைவிலிருந்து போன் போடும் அப்பா அம்மாவை, சும்மா பயந்து சாகிறவர்கள் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது, கண்ணு. ஒரு பிள்ளை போலீசிடம் சொல்லாததைத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கும். உன் ஆட்களுக்குச் சுடப் பயிற்சி கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்காவது, பயந்துபோன பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒதுக்கு. ஒரே பெயர் இரண்டாவது முறை புகாரில் வந்தால் அந்தக் காகிதம் அன்றைக்கே உன் மேஜைக்கு வர வேண்டும்.

உன் வேலையைக் கட்டிப்போடும் அந்த வளாகப் பாதுகாப்புச் சட்டமே ஒரு அப்பாவும் அம்மாவும் கொண்டுவந்ததுதானே. 1986 ஏப்ரல் 5-ல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் 19 வயது ஜீன் கிளெரி கொல்லப்பட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ பீட்சா பெட்டி வைத்துத் திறந்தே போட்டிருந்தார்கள். வார்டனாக இருந்தவளுக்கு அதைப் படிக்கும்போது வயிறு எப்படி எரியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளாகத்தில் நடந்த மற்ற குற்றங்களைப் பற்றி அதற்கு முன் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் விடாமல் போராடி 1990-ல் சட்டம் வந்தது. பிறகு அதற்கு மகளின் பெயரையே வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1-க்குள் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும், தினசரி குற்றப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2019-ல் 45 லட்சம் டாலர் அபராதம் போட்டது இந்தச் சட்டத்தின்படிதான்.

கணக்கு பெரிதாகத் தெரிந்தால் சேர்க்கை குறையும், பெயர் கெடும் என்று யாராவது உன் காதில் வந்து சொல்வார்கள். நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், "இதை அந்தத் தலைப்பில் சேர்க்கத்தான் வேண்டுமா?" என்று மெல்லக் கேட்பார்கள். புகார் எண்ணிக்கை கூடினால் பிள்ளைகள் உன்னை நம்பி வருகிறார்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம். அதை எடுத்துச் சொல், எண்ணை மட்டும் குறைக்காதே.

மேலே இருக்கிறவர்கள் விஷயம் இதைவிடக் கஷ்டம். 2011 நவம்பர் 18-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் முகத்தில் மிளகுத் திரவத்தை அடித்தார்களே, அந்தப் படத்தை உலகமே பார்த்தது. போராடிய மாணவர்கள் போட்டிருந்த கூடாரங்களைப் பிற்பகல் 3 மணிக்கு அகற்றச் சொன்னது மேலிடம். அந்த நேரம் சரியில்லை என்று போலீஸ் தரப்பிலேயே தயக்கம் இருந்தது, ஆனால் போலீஸ் தலைவர் அதை அழுத்திச் சொல்லவில்லை. அடித்த கருவியே அந்தத் துறையில் அனுமதிக்கப்பட்டதாக இல்லை. தடுத்திருக்க வேண்டிய, தடுத்திருக்கக்கூடிய ஒன்று என்று இதை விசாரித்த முன்னாள் நீதிபதி ரெய்னோசோ குழு எழுதியது. படத்தில் தெரிந்தது ஒரு அதிகாரியின் கை. ஆனால் அந்தக் கை நீளுவதற்கு முன்னால், ஒரு அறையில் "வேண்டாம், இது என் பிள்ளைகளுக்கு ஆபத்து" என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். இனி அப்படிப்பட்ட அறையில் உட்காரப் போவது நீ. சொல்வதைச் சத்தமாகச் சொல், எழுத்திலும் கொடு.

கீழே இருக்கிறவர்களையும் நீ கவனிக்க வேண்டும். 2015 ஜூலையில் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஒருவர், வளாகத்துக்கு வெளியே, முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று காரை நிறுத்தி, சாமுவேல் டுபோஸ் என்ற கறுப்பரைத் தலையில் சுட்டுக் கொன்றார். கார் தன்னை இழுத்துப்போனது என்று அவர் சொன்னது, உடலில் மாட்டியிருந்த கேமராவில் பொய்யாகத் தெரிந்தது. பல்கலைக்கழகங்கள் போலீஸ் வேலை பார்க்கவே கூடாது என்று அந்த ஊர் அரசு வழக்கறிஞரே வெளிப்படையாகச் சொன்னார். உன் ஆட்கள் வளாகத்தைத் தாண்டி எந்தத் தெரு வரை, எதற்காகப் போகிறார்கள் என்று பார். நிறத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறவன் எவனாக இருந்தாலும் அவனை வைத்துக்கொள்ளாதே. நீயே அந்த ஊரில் நிறத்தால் வேறாகத் தெரிகிறவள்; நான் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் பாரத்தையும் நீ ஒருத்தியே சுமக்கவும் வேண்டாம். மனசு உடைந்து நிற்கும் பிள்ளைக்கு முன்னால் துப்பாக்கி வைத்தவரைவிட ஒரு ஆலோசகர் போய் நிற்பது மேல். உங்கள் சுகாதார மையத்தில் ராத்திரி வர ஆள் இல்லை என்று போன வருடம் சொன்னாயே, இப்போது பட்ஜெட் கூட்டத்தில் உனக்கும் இடம் உண்டு. புது வண்டிக்குக் கேட்பதற்கு முன்னால் அதற்குக் கேள்.

ஆகஸ்டில் புதுப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வருவார்கள். அன்று யூனிஃபார்மில் விடுதி வாசலுக்குப் போய் நில். பெற்றோர்களிடம் உன் துறையின் நம்பரை உன் கையாலேயே கொடு. நம் ஊர்ப் பெற்றோர் யாராவது தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்.

அப்பா பதவியேற்பு போட்டோவுக்கு ஃபிரேம் வாங்கி வைத்துவிட்டார், அதனால் பெரிய அளவில் அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நான் கேட்ட அந்த 2 மணி கேள்விக்கு மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் பதில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா